மலையில ஆஃப்ரோடு மீட்டுக்கு முதல் தடவை போறவங்களுக்கு: என்ன செய்யணும், எதை முதல்ல செய்யணும்

புதுசா தார், ஜிம்னி, கூர்க்கா மாதிரி ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை போற) வண்டி எடுத்தவங்க கேக்கறது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "கேரளாவுல, இடுக்கி மலையில இருக்கற வாகமன் பக்கம் ஆஃப்ரோடு மீட்டுக்கு, அதாவது கூட்டமா சேந்து ரோடு இல்லாத இடத்துல வண்டி ஓட்ட கூப்பிட்டிருக்காங்க, வண்டியில என்னென்ன மாத்தணும்?" ஒண்ணும் மாத்த வேண்டாம். ஷோரூம்ல இருந்து வந்த ஃபோர் பை ஃபோர் வண்டியே ஆரம்பத்துக்கு தாராளமா போதும். லிஃப்ட் கிட் (வண்டிய உயர்த்தற செட்), பெரிய டயர், விஞ்ச் (மாட்டின வண்டிய இழுக்கற மோட்டார்)னு லட்சக்கணக்குல கொட்டறதுக்கு முன்னாடி டயர்ல காத்து எவ்வளவு வைக்கணும், மாட்டிக்கிட்டா கயிறை எங்க கொக்கி போடணும்னு கத்துக்கோங்க, அப்புறம் இறங்கி நடந்து பாக்காம வண்டிய விடறதில்லைன்னு ஒரு பழக்கம் வெச்சுக்கோங்க. இது மூணும் தெரிஞ்சவர் சாதாரண வண்டியிலயே ஏறிடுவார், தெரியாதவர் எவ்வளவு செலவு பண்ணியிருந்தாலும் சேத்துல நிப்பார்.

1. முதல்ல இடத்தைப் பத்தி கேளுங்க

மீட் நடத்தறவங்ககிட்ட கூச்சப்படாம கேளுங்க, டிராக் யாரோட நிலம், அனுமதி லெட்டர் கையில இருக்கா. 2022ல வாகமன்ல ஒரு எஸ்டேட்டுக்குள்ள அனுமதி இல்லாம ஆஃப்ரோடு நடத்தினாங்கன்னு கேஸ் ஆயிருக்கு, அதுல ஓட்டினவங்களுக்கும் நோட்டீஸ் போச்சு. தனியார் நிலம்னா ஓனர் சொன்னா போதும்னு நினைக்காதீங்க, மாவட்ட நிர்வாகத்தோட அனுமதியும் வேணும். ரிசர்வ் ஃபாரஸ்டுக்குள்ள போறதா இருந்தா அந்த மீட்டே வேண்டாம், எவ்வளவு நெருங்கின நண்பர் கூப்பிட்டாலும் சரி.

இன்சூரன்ஸ் பேப்பரையும் ஒரு தடவை எடுத்து படிங்க. நம்ம ஊர் கார் பாலிசியில ரேஸ், ஸ்பீட் டெஸ்ட், ரிலையபிலிட்டி டிரயல் (வண்டி எவ்வளவு தாங்குதுன்னு பாக்கற போட்டி) இதுக்கெல்லாம் கவர் கிடையாதுன்னு தெளிவா போட்டிருக்கும். அதனால டைம் வெச்சு போட்டி நடத்தற மீட் வேற, சும்மா கூட்டமா சேந்து டிரெயில்ல (காட்டு, மலைத் தடத்துல) ஓட்டற மீட் வேற. முதல் தடவைக்கு ரெண்டாவதுதான் சரி.

புல்பார் (முன் பம்பருக்கு மேல மாட்டற இரும்புக் கம்பி) போட்டிருந்தா கழட்டிடுங்க, 2017 டிசம்பர்லயே மத்திய அரசு தடை பண்ணியாச்சு, கேரளா செக் போஸ்ட்ல சும்மா விட மாட்டாங்க.

2. வண்டிக்கு அடியில படுத்து பாருங்க

ஒரு வாரம் முன்னாடியே பண்ணிடுங்க, கிளம்பற நாளுக்கு முந்தின ராத்திரி மெக்கானிக்கை தேடிட்டு அலையக்கூடாது. சமதளத்துல வண்டிய நிறுத்தி கியர்ல போட்டு, சக்கரத்துக்கு கட்டை வெச்சு, டார்ச்சோட அடியில போங்க. இன்ஜின் சம்ப், கியர் பாக்ஸ், முன்னாடி பின்னாடி ஆக்சில் நடுவுல இருக்கற ரெண்டு கிரவுன் (டிஃபரன்ஷியல்), எங்கயாவது எண்ணெய் கசிவு தெரியுதான்னு பாருங்க. கியர் பாக்ஸ்ல இருந்து ஆக்சிலுக்கு போற ப்ராபெல்லர் ஷாஃப்டை கையால பிடிச்சு ஆட்டுங்க, அதோட முனையில இருக்கற யூ ஜாயின்ட்ல டக் டக்னு ஆட்டம் இருந்தா மாத்தாம மலை ஏறாதீங்க. ஸ்டியரிங் பால் ஜாயின்ட் ரப்பர் கிழிஞ்சிருந்தாலும் அப்படித்தான்.

பிரேக் ஆயில் பழசுன்னா மாத்திடுங்க. அது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சற சரக்கு, ஈரம் ஏறின ஆயில் சூட்டுல சீக்கிரம் கொதிச்சு ஆவியாகும், அப்புறம் இறக்கத்துல பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். கூலன்ட், ரேடியேட்டர் ஃபேன், ஏர் ஃபில்டர் எல்லாம் வழக்கமான செக்தான். பேட்டரி கிளாம்ப் மட்டும் மறக்காம டைட் பண்ணுங்க, குலுங்கற ரோட்டுல முதல்ல லூசாகறது அதுதான்.

பின்னாடி கிடக்கற ஜாக்கி, டூல் பாக்ஸ், தண்ணி கேன் எல்லாத்தையும் ஸ்ட்ராப் போட்டு கட்டுங்க. வண்டி சாஞ்சு கவுந்தா அதுல இருக்கறவங்க மண்டையை உடைக்கறது இந்த சாமான்கள்தான். ரூஃப் கேரியர் மேல கனமா எதையும் ஏத்தாதீங்க, மேல வெயிட் ஏறினா சாய்வுல வண்டி சீக்கிரம் கவுரும்.

3. டயர் காத்து

என்னை கேட்டா ஆஃப்ரோடுல பாதி வேலை இதுதான். ரோட்டுல 30 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) பக்கம் வெச்சு ஓட்டற டயரை சேறு, கல்லு, ஈரப்புல் வர்ற இடத்துல 18ல இருந்து 20க்கு இறக்கணும். காத்து குறைஞ்சா டயர் பக்கவாட்டுல உப்பறதை விட நீளத்துலதான் அதிகமா தரையோட படியும், கல்லு மேல குதிக்காம அதை சுத்தி மடிஞ்சு பிடிச்சுக்கும். குலுக்கலும் குறையும், கூட வர்ற வீட்டுக்காரங்க அன்னிக்கே அடுத்த டிரிப்புக்கு சம்மதிக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

காத்து அளக்கற கேஜ் தனியா வாங்குங்க, கண்ணால பாத்து மதிப்பு போடாதீங்க. டயர் சூடா இருக்கும்போது அளவு ரெண்டு மூணு பாயின்ட் கூட காட்டும், அதை மனசுல வெச்சுக்கோங்க. வால்வு மூடியை சட்டைப் பையில போட்டுட்டு, வால்வு நடுவுல இருக்கற ஊசியை சின்ன குச்சியால அழுத்தினாலே காத்து இறங்கும், அதுக்குன்னு டிஃப்ளேட்டர் வாங்கறது உங்க இஷ்டம். நாலு டயரும் ஒரே அளவுக்கு வரணும். சாதாரண ரிம்ல 15க்கு கீழ போகாதீங்க, ஸ்டியரிங் ஒடிக்கும்போது டயர் ரிம்மை விட்டு கழண்டுடும். காத்து இறக்கினதும் 20, 25 கிலோமீட்டர் வேகத்தை தாண்டாதீங்க.

தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏத்தணும், பஞ்சர் கடை பக்கத்துல இருக்காது. 12 வோல்ட் கம்ப்ரசர் ஒண்ணு வேணும், பேட்டரியில கிளிப் மாட்டற வகையா வாங்குங்க, லைட்டர் சாக்கெட்ல சொருகறது பெரிய டயருக்கு திணறும், ஃப்யூஸும் போயிடும். ஸ்டெப்னியிலயும் காத்து இருக்கான்னு பாத்துக்கோங்க.

4. ரெக்கவரி சாமான் (மாட்டின வண்டிய இழுத்து எடுக்க)

மீட்ல மாட்டின வண்டிய இழுக்கும்போது ஆளுக்கு பெரிய காயம் ஆகலாம். அதனால இந்த பகுதியை நிதானமா படிங்க.

வாங்க வேண்டியது: ஒரு கைனடிக் ரோப், 4.75 டன்னு அச்சடிச்ச முக்கால் இன்ச் ஷாக்கிள் (கயிறை வண்டியோட கோக்கற, பின் போட்ட இரும்பு வளையம்) ரெண்டு, கெட்டியான கையுறை, ஒரு மண்வெட்டி. கைனடிக் ரோப் நைலான், ரப்பர் மாதிரி கிட்டத்தட்ட 30 சதவீதம் நீளும், அந்த இழுவிசையில வண்டி மெதுவா பிதுங்கி வெளிய வரும். ஹார்டுவேர் கடை கயிறோ சங்கிலியோ அந்த வேலைக்கு ஆகாது, அறுந்தா குண்டு மாதிரி பறக்கும். வண்டி பின்னாடி டிரெய்லர் மாட்டற இரும்பு உருண்டையில (டோ பால்) கயிறு மாட்டறதை யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க, அது உடைஞ்சு கண்ணாடியை தொளைச்சு உள்ள இருந்தவங்களை கொன்ன சம்பவம் வெளிநாட்டுல நடந்திருக்கு. ஷாசியோட (வண்டியோட அடிச்சட்டத்தோட) சேந்த ரெக்கவரி பாயின்ட், அதாவது கயிறு மாட்டற இடம், எதுன்னு ஓனர் மேனுவல்ல இருக்கும், வீட்டுலயே பாத்து வெச்சுக்கோங்க. பம்பர்ல திருகி மாட்டற டோயிங் கொக்கி சமமான ரோட்டுல இழுத்துட்டு போக மட்டும்தான்.

ஷாக்கிள் போடறப்போ பின்னை முழுசா திருகி முட்ட விட்டுட்டு கால் சுத்து பின்னாடி வாங்குங்க. முழு டைட்ல விட்டா இழுத்த பிறகு கழட்டவே வராது, ஸ்பானர் வெச்சு அடிச்சுட்டு நிப்பீங்க. கயிறு மாட்டினதும் ஒரு ஈரத் துணியோ ஜமக்காளமோ நடுவுல போடுங்க, அறுந்தா துள்ளறது குறையும். சுத்தி நிக்கறவங்க எல்லாரையும் கயிறு நீளத்தை விட ஒன்றரை மடங்கு தள்ளி நிக்க சொல்லணும், குறிப்பா மொபைல்ல வீடியோ எடுக்கறவங்களை.

5. ஃபோர் லோ பழகிட்டு வாங்க

ஃபோர் லோன்னா நாலு சக்கரத்துக்கும் மெதுவான வேகத்துல அதிக இழுவை குடுக்கற கியர். லோ போடணும்னா வண்டிய நிறுத்தி, கிளட்ச் மிதிச்சு, நியூட்ரல்ல வெச்சு போடுங்க. காலி மைதானத்துல பழகலாம், ஆனா மண் தரையா இருக்கணும். காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் பை ஃபோர் போட்டு திரும்பினா முன் பின் ஆக்சில் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டி கியர் பாக்ஸை முறுக்கும்.

மலையில இறங்கும்போது லோவுல ஃபர்ஸ்ட் கியர், காலை எல்லா பெடல்ல இருந்தும் எடுத்துடுங்க, இன்ஜினே பிடிச்சுட்டு இறங்கும். ஏத்தத்துல பாதியில நின்னுட்டா என்ன பண்றதுன்னு தெரியறது இன்னும் முக்கியம். பிரேக்கை ஒரே அழுத்தா அழுத்தி பிடிங்க, பம்ப் பண்ணாதீங்க, இன்ஜின் நின்ன பிறகு பம்ப் பண்ணா பெடல் கட்டையாயிடும். ஹேண்ட் பிரேக் போட்டு, ரிவர்ஸ் கியர் மாத்தி, ஸ்டார்ட் பண்ணி, கிளட்ச் பிடிக்க ஆரம்பிச்ச பிறகு பிரேக்கை மெதுவா விட்டு நேரா பின்னாடியே இறங்குங்க. நடுவுல திருப்பி இறங்கலாம்னு மட்டும் பாக்காதீங்க, குறுக்க நின்ன வண்டி உருண்டுடும்.

6. கிளம்பற அன்னிக்கு

தேனி பக்கம் இருந்து வர்றவங்க கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம், ஏலப்பாறை வழியா வாகமன் போயிடலாம். டேங்க் ஃபுல் பண்றதை கம்பத்துலயே முடிச்சுடுங்க. கொண்டை ஊசி வளைவுல மேல ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல்ல வழி விடணும், இது சட்டத்துலயே இருக்கு. மூடுபனியில ஹை பீம் போட்டா வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீம்லயே போங்க. வாகமன் கிட்டத்தட்ட 1,100 மீட்டர் உயரம், டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில இழுவை கொஞ்சம் கம்மியா இருக்கும், பயப்பட வேண்டாம், ஒரு கியர் கீழ போட்டுக்கோங்க.

ரெயின் கோட், மாத்துத்துணி, கெட்டியான ஷூ, ஓஆர்எஸ், ஃபர்ஸ்ட் எய்ட், உப்பு எடுத்துக்கோங்க, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அட்டை கடி நிச்சயம். ரெட் அலர்ட் வந்தா நடத்தறவங்க கேன்சல் பண்ணலைன்னாலும் நீங்க கிளம்பாதீங்க, இடுக்கியில மண்சரிவு சொல்லிட்டு வராது.

7. டிரெயில்ல

கஷ்டமான இடம் வந்தா இறங்கி நடங்க. எந்த கல்லு மேல எந்த சக்கரம் ஏறப்போகுதுன்னு கண்ணால பாத்துட்டு வந்து உக்காருங்க. வழி காட்ட ஸ்பாட்டர் ஒரே ஒருத்தர்தான் இருக்கணும். "அண்ணா லெஃப்ட் ஒடிங்க", "இல்லண்ணா ரைட்டு ரைட்டு"ன்னு நாலு பேர் கத்தினா வண்டிய நிறுத்திட்டு, "தம்பி நீங்க மட்டும் சொல்லுங்க, மத்தவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னு தைரியமா சொல்லலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. அவர் கண்ணுல இருந்து மறைஞ்சாலும் நிறுத்திடுங்க. கட்டை விரலை ஸ்டியரிங்குக்கு உள்ள சுத்தி பிடிக்காதீங்க, சக்கரம் கல்லுல மோதி ஸ்டியரிங் திடீர்னு சுத்தினா விரல் போயிடும்.

ஓடை வந்தா ஆழத்தை நடந்து பாத்துட்டுதான் இறங்கணும். தார் வண்டிக்கு 650 மில்லிமீட்டர், கூர்க்காவுக்கு 700 வரைக்கும் கம்பெனியே சொல்லுது, ஆனா அது அமைதியா நிக்கற தண்ணிக்கு. கலங்கி ஓடுற தண்ணி முழங்காலை தொட்டா திரும்பிடுங்க. தாண்டின பிறகு பிரேக்கை லேசா மிதிச்சுட்டே கொஞ்ச தூரம் ஓட்டினா ஈரம் காஞ்சிடும்.

இருக்கற தடத்தை விட்டு புல்லுமேட்டுல வண்டிய ஏத்தாதீங்க, இதை கெஞ்சியே கேக்கறேன். மழைத் தண்ணியை பிடிச்சு வெச்சு கீழ இருக்கற ஊருக்கு ஓடையா விடறது அந்த புல்லுதான், ஒரு தடவை டயர் கிழிச்ச இடம் அடுத்த மழையில வாய்க்காலாகி அரிச்சுட்டு போயிடும்.

8. வீட்டுக்கு வந்ததும்

அடுத்த நாளே அடிப்பக்கம் நல்லா தண்ணி அடிச்சு கழுவுங்க, சேறு காஞ்சா ரிம்முக்குள்ள ஒட்டி ஹைவேயில ஸ்டியரிங் ஆடும். ஆழமான தண்ணியில இறங்கியிருந்தா கிரவுன் ஆயிலை கொஞ்சம் இறக்கி பாருங்க, பால் கலந்த டீ நிறத்துல இருந்தா தண்ணி உள்ள போயிருக்கு, உடனே மாத்தணும். கைனடிக் ரோப்பை வெறும் தண்ணியில அலசி நிழல்ல காய வைங்க, மணல் உள்ள தங்கினா நாரை அறுத்துடும். வீல் நட்டெல்லாம் ஒரு தடவை ஸ்பானர் போட்டு பாத்துடுங்க.