கலர் இ-ரீடர் வாங்கப்போகிறீர்களா? முதலில் மண் வகை வரைபடத்தைத் திறந்து பாருங்கள்

பல்லாவரத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பு அறிவியல், சமூக அறிவியல். கண்ணை உறுத்தாத கலர் ஸ்கிரீனோடு இ-ரீடர் (மின்புத்தகம் படிக்கும் கருவி) வந்திருக்கிறதாமே, டேப்லெட்டுக்குப் பதில் அதை வாங்கித் தரலாமா என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். டேப்லெட்டின் இடத்தை இது பிடிக்காது. வீடியோ வகுப்புக்கு உதவவே உதவாது. ஆனால் பாடம் படிக்க இது நிலைக்கும் என்று நம்புகிறேன். இதற்கு முன்பும் வெயிலில் படிக்கக்கூடிய கலர் திரைகள் வந்தன. 2011-இல் கொரியாவில் மிராசோல் என்ற அப்படிப்பட்ட திரையோடு ஒரு இ-ரீடர் வந்தது, பெங்களூரில் நோஷன் இங்க் நிறுவனம் அதே மாதிரி நோக்கத்தில் ஆடம் டேப்லெட்டைக் கொண்டுவந்தது. இரண்டும் நிலைக்கவில்லை. இப்போது கறுப்பு-வெள்ளை இ-ரீடருக்கு என்றே வாசகர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கலர் கூடுதலாகக் கிடைக்கிறது.

எந்த வகைத் திரை என்று முதலில் கேளுங்கள். கோபோ லிப்ரா கலரில் இருப்பது கெலைடோ 3. வழக்கமான கறுப்பு-வெள்ளை மின்மைத் திரைக்கு (இ-இங்க்) மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டி. வெளிச்சம் உள்ளே போகும்போதும் திரும்பி வரும்போதும் அந்த வடிகட்டியைத் தாண்ட வேண்டும். பக்கம் லேசாகச் சாம்பல் பூத்தாற்போல் தெரிவது அதனால்தான். கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி, கலர் 150தான். ரீமார்க்கபிள் பேப்பர் புரோவில் இருக்கும் கேலரி 3-இல் நிறத்துகள்களே உள்ளே நகர்கின்றன. கலர் அடர்த்தியாக இருக்கும், பக்கம் மாறத்தான் நேரமாகும்.

திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவருவதாக இருந்தால், அங்கேயே சோதித்துவிட்டு எடுத்துவரச் சொல்லுங்கள்.

சோதனைக்குக் கடைக்காரர் காட்டும் பூப்படம் வேண்டாம். அரசுப் பாடநூல் பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் இதயத்தின் படத்தைத் திறந்தால் சிவப்பும் நீலமும் பளிச்சென்று பிரியும், எல்லாத் திரையும் இதில் தேறிவிடும். அப்புறம் இந்தியாவின் மண் வகை வரைபடத்தைத் திறங்கள். உண்மையான பரீட்சை இதுதான். குறிப்புப் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு நிறத்தையும் வரைபடத்தில் பிள்ளையே தேடிக் காட்டட்டும். செம்மண்ணும் சரளை மண்ணும் ஒன்றாகக் கலந்து தெரிந்தால், அந்தத் திரையில் எத்தனை ஆயிரம் நிறம் இருந்தும் அந்தப் பிள்ளைக்குப் பயனில்லை.

அதே பக்கத்தை முன்விளக்கை (கருவிக்குள்ளிருந்து திரைமேல் விழும் விளக்கு) அணைத்துவிட்டு ட்யூப்லைட்டுக்குக் கீழே பாருங்கள், பிறகு மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். சென்னை வெயிலில் டேப்லெட்டில் உங்கள் முகம்தான் தெரியும், இதில் கலர் இன்னும் தெளியும். வீட்டுக்குள் கதை வேறு. விளக்கைக் கூட்டியே வைக்க வேண்டியிருக்கும், சார்ஜும் சீக்கிரம் இறங்கும். உங்கள் பிள்ளை இரவு எட்டு மணிக்குத்தான் படிக்க உட்காரும் என்றால், அந்த வெளிச்சத்தில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தமிழுக்கு இன்னொரு சோதனை உண்டு. சிவப்பிலோ நீலத்திலோ அச்சான சிறிய தலைப்பைப் பாருங்கள். கலரில் கூர்மை பாதிதான் என்பதால் மெய்யெழுத்தின் புள்ளி மங்கும், ணகரத்தின் சுழி அடைத்துக்கொள்ளும். ஏழு அங்குலத் திரையில் பாடநூல் பக்கம் முழுசாகச் சுருங்கும்போது இது அதிகமாகத் தெரியும். பாடநூலுக்கென்றே வாங்குபவர்கள் பத்து அங்குலத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள். ஏழு அங்குலம் வீட்டில் ஏற்கெனவே இருந்தால் திரையைப் படுக்கையாகத் திருப்பி, பக்கத்தைப் பாதிப் பாதியாகப் படிக்கலாம்.

வாங்கிய பிறகு செட்டிங்ஸில் ஒவ்வொரு பக்கத்துக்கும் திரை முழுதாகப் புதுப்பிக்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் முந்தின படத்தின் நிழல் அடுத்த பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு மின்னல் மின்னும், பழகிவிடும்.

கதை, நாவல் மட்டும் படிப்பவர்களுக்குக் கறுப்பு-வெள்ளையே போதும். வடிகட்டி இல்லாததால் பக்கம் வெளுப்பாக இருக்கும், செலவும் குறையும்.