ஃபெய்ஜோவாடா: பிரேசிலின் சனிக்கிழமைச் சாப்பாடு

ரியோ டி ஜெனீரோவில் சனிக்கிழமை மதியம் என்றால் ஃபெய்ஜோவாடாதான். கறுப்பு பீன்ஸையும் பன்றி இறைச்சியையும் ஒரே பானையில் போட்டு நிதானமாக வேகவைக்கும் குழம்பு இது. சாவோ பாலோ உணவகங்களில் புதன்கிழமையும் கிடைக்கும். முதல் முறை சமைப்பவருக்கும் நன்றாகவே வரும். முந்தைய நாளே வேலையைத் தொடங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆறு பேருக்கு அரை கிலோ கறுப்பு பீன்ஸ், 250 கிராம் மாட்டு உப்புக்கண்டம் (அங்கே 'கார்னே செக்கா' என்பார்கள்), 400 கிராம் பன்றி விலா எலும்பு, 150 கிராம் புகையூட்டிய பேக்கன், புகையூட்டிய பன்றி சாசேஜ் இரண்டு, பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு ஆறு பல், பே இலை மூன்று. பன்றியின் காது, வால், கால் சேர்ப்பதும் வழக்கம். கிடைத்தால் விடாதீர்கள், குழம்புக்குப் பிசுபிசுப்பான கெட்டித்தன்மை அவற்றிலிருந்துதான் வருகிறது.

முதல் நாள்: உப்புக்கண்டத்தைத் துண்டுகளாக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். நான்கு முறையாவது தண்ணீரை மாற்றுங்கள். இதில் சோம்பல்பட்டால் மொத்தக் குழம்பும் உப்புக் கரிக்கும், பிறகு சரிசெய்வது கஷ்டம். பீன்ஸைத் தனியாக ஊறவையுங்கள்.

மறுநாள் இரண்டையும் வடித்து, விலா எலும்பு, பே இலையுடன் பெரிய பானையில் போட்டு, நாலு விரற்கடை மேலே நிற்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். கொதித்ததும் நுரையை எடுத்துவிட்டு, சிறு தீயில் ஒன்றேகால் மணி நேரம் விடுங்கள். அப்புறம் பேக்கனையும் வட்டமாக நறுக்கிய சாசேஜையும் சேர்த்து இன்னும் 40 நிமிடம். சீக்கிரம் வேகும் இவற்றை முதலிலேயே போட்டால் சக்கையாகிவிடும். தண்ணீர் வற்றினால் வெந்நீர் மட்டும் ஊற்றுங்கள்.

இனிதான் முக்கியமான கட்டம். வாணலியில் கொஞ்சம் எண்ணெயில் வெங்காயம், பூண்டைப் பொன்னிறமாக வதக்கி, வெந்த பீன்ஸில் இரண்டு கரண்டி எடுத்துப் போட்டு நன்றாக மசியுங்கள். அதைப் பானையில் திருப்பிக் கொட்டி 20 நிமிடம் கொதிக்கவிட்டால் குழம்பு கறுத்து, கரண்டியில் ஒட்டும் பதத்துக்கு வரும். உப்பை இப்போதுதான் ருசி பார்க்க வேண்டும்; பெரும்பாலும் தேவைப்படாது. மிளகாய்த்தூள், மசாலா எதையும் சேர்க்காதீர்கள். புகை வாசனையும் பூண்டும்தான் இதன் ருசி. காரம் வேண்டுபவர்களுக்கு மிளகாய் சாஸைப் பக்கத்தில் வைப்பதுதான் அங்கே பழக்கம்.

அடிமைகள் எஜமானர்கள் ஒதுக்கிய இறைச்சியில் உருவாக்கிய உணவு என்று இதைப் பற்றிச் சொல்வதுண்டு. ஆனால் பீன்ஸையும் இறைச்சியையும் சேர்த்து வேகவைக்கும் போர்ச்சுகீசியச் சமையலின் வழி வந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து.

வெள்ளைச் சோறு, நூல்போல நறுக்கிப் பூண்டுடன் இரண்டே நிமிடம் வதக்கிய காலர்ட் கீரை, வெண்ணெயில் வறுத்த மரவள்ளி மாவு ('ஃபரோஃபா'), ஆரஞ்சுத் துண்டுகள் இவற்றோடு பரிமாறுங்கள். ஆரஞ்சைத் தவிர்க்காதீர்கள், கொழுப்பின் திகட்டலைப் போக்குவது அதுதான். மீந்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் இறுகியிருக்கும். சிறிது வெந்நீர் விட்டுச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.