320 பிக்சலுக்குள் ஒரு தமிழ்ப் பக்கம்

கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசி, மருந்து ஓடர் எடுக்க, போனில் திறக்கும் இணையப் பக்கம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய திரையில் வரைந்துவிட்டுப் பிறகு சுருக்க வேண்டாம். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் அகலத்தை, சின்னப் போன் அளவான 320 சிஎஸ்எஸ் பிக்சலாக்கி (பக்க வடிவமைப்பில் அளக்கும் அலகு) அங்கேயே தொடங்குங்கள். பக்கத்தை எந்த அகலத்தில் காட்டவேண்டும் என்று போனுக்குச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக்கில் அகலம் 'டிவைஸ்-வித்' என்று இருக்கவேண்டும். அது விடுபட்டால், போன் பக்கத்தை 980 பிக்சல் அளவுக்கு அகலமானதாக எண்ணி எறும்பளவாக்கிக் காட்டும்.

இரு ஓரமும் 16 பிக்சல் விட்டால் மிஞ்சுவது 288. 16 பிக்சல் எழுத்தில் இரண்டு, மூன்று தமிழ்ச் சொல்லோடு வரி முடிந்துவிடும். ஆங்கிலத்துக்குச் செய்த வடிவம் குலைவது இங்கேதான். 'மருந்துச்சீட்டைப் பதிவேற்றுக' என்ற பட்டனுக்குப் பக்கத்தில் இன்னொன்று நிற்காது. பட்டன்களை முழு அகலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். 'சீட்டை அனுப்பு' என்று சொல்லையும் சுருக்குங்கள். நீளச் சொல் ஓரத்தைத் தாண்டாதிருக்க சொல்லை எங்கே உடைக்கலாம் என்று சொல்லும் சிஎஸ்எஸ் விதியான ஓவர்ஃப்ளோ-ராப்பை 'எனிவேர்' என வையுங்கள். 'பிரேக்-வேர்ட்' கொடுத்தால், ஃப்ளெக்ஸ் முறையில் அடுக்கிய பெட்டி அந்தச் சொல்லின் அகலத்துக்குக் கீழே சுருங்க மறுத்து, பக்கத்தையே பக்கவாட்டில் நகரவைக்கும்.

வரி உயரம் 1.6 அளவில் இருக்கட்டும். பட்டனுக்கு நிலையான உயரம் கொடுத்தால் மேலே புள்ளியோ கீழே 'கூ'வின் சுழியோ வெட்டுப்படும். குறைந்தபட்ச உயரம் 44 பிக்சல் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், தேவைப்பட்டால் அது வளரும்.

தலைப்பைச் சுருக்க, கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோட் குறிகளை எண்ணி வெட்டுவது பெரிய தொல்லை. 'கொழும்பு' என்பதில் 8 குறிகள் உண்டு. ஐந்தோடு வெட்டினால் 'கொழும' என்று புள்ளியில்லாமல் நிற்கும். கிராஃபீம் அலகில், அதாவது கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்தாகப் பிரிக்கும் செக்மென்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியைப் பயன்படுத்துங்கள். வெட்டாமல் இரண்டு வரியாக விடுவது அதைவிட நல்லது.

படிவத்தில் தொலைபேசி இலக்கத்துக்கு, எண் கீபோர்டைத் திறக்கும் 'டெல்' வகைப் பெட்டி போதும். அடையாள அட்டை இலக்கத்துக்கு எண் கீபோர்ட் போட்டுவிடாதீர்கள்: புதியது 12 இலக்கம், பழையதோ 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். எண் கீபோர்டில் அந்த எழுத்தைத் தட்ட முடியாமல், பழைய அட்டை வைத்திருக்கும் பெரியவர்தான் மாட்டிக்கொள்வார். மருந்து அதிகம் வாங்குபவரும் அவர்தானே! பெட்டிக்குள் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் தானாகப் பெரிதாக்கிப் பக்கத்தை நகர்த்திவிடும். கீபோர்ட் எழும்பும்போது திரையில் பாதி போய்விடுவதால், மேலே ஒட்டிநிற்கும் தலைப்புப் பட்டையையும் எடுத்துவிடுங்கள்.

மொழி மாற்றும் இணைப்பு மேலேயே இருக்கட்டும். ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்தில் வரவேண்டும். கொடிப் படம் வேண்டாம்.

240-க்கு 320 பிக்சல் திரையுள்ள, கைஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் பட்டன் போனில் பெரும்பாலும் தொடுதிரை கிடையாது. அம்புக்குறி விசையால்தான் நகரமுடியும். தேர்ந்த இணைப்பைச் சுற்றி வரும் கோடான அவுட்லைனை அழகுக்காக நீக்கினால் எந்த இடத்தில் நிற்கிறோம் என்றே தெரியாமல் போகலாம். ஒபேரா மினி பிரவுசரின் அதிக டேட்டாச் சேமிப்பு முறையில் பக்கம் சேர்வரிலேயே தயாராகி வருவதால், ஜாவாஸ்கிரிப்டில் திறக்கும் மெனு சொதப்பும். சாதாரண இணைப்பு எங்கேயும் வேலை செய்யும்.

கடைசியாக, போனின் எழுத்தளவை உச்சத்துக்கு வைத்து ஒரு ஓடரை முழுதாகப் போட்டுப் பாருங்கள். எங்காவது பக்கவாட்டில் நகர்ந்தால், முதலில் அட்டவணையையும் நிலையான அகலம் கொடுத்த படத்தையும் தேடுங்கள்.