ஆஸ்டெரிஸ்க் சர்வரில் பயனர் சரிபார்ப்பு அமைக்கும் முறை: தங்கச்சிமடத்து அலுவலகம் ஒன்றில் செய்தபடி

ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்தில் உள்ள ஒரு மீன் கம்பெனிக்கு நான் அமைத்துக் கொடுத்த இணையத் தொலைபேசிச் சர்வரில் பதினொரு எக்ஸ்டென்ஷன்கள், அதாவது உள் இணைப்பு எண்கள், இருந்தன. அலுவலகத்தில் ஐந்து, மண்டபத்து ஐஸ் கம்பெனியில் மூன்று, ராமேசுவரம் துறைமுகத்தை ஒட்டிய எடைக் கொட்டகையில் இரண்டு, முதலாளியின் கைபேசியில் ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் அலுவலகம் பாதி நாள் பூட்டியே கிடக்கும். அப்படிப் பூட்டிக் கிடந்த ஓர் இரவில், யாரோ 201 என்ற எக்ஸ்டென்ஷனாகத் தம்மைப் பதிவுசெய்துகொண்டு விடியும்வரை வெளிநாட்டு எண்களை அழைத்திருக்கிறார்கள். வெளி அழைப்புகளைக் கொண்டுசெல்லும் வழங்குநரின் இணைப்பான ட்ரங்கின் கணக்கில் கட்டியிருந்த முன்பணம் முழுவதும் தீர்ந்த பிறகுதான் அழைப்புகள் நின்றன. 201-க்கு வைத்திருந்த கடவுச்சொல்லும் 201. அதை வைத்தவன் நான். அதன் பிறகு அந்தச் சர்வரின் சரிபார்ப்பு முழுவதையும் பிரித்து மறுபடி கட்டினேன். அந்த முறையையே இங்கே எழுதுகிறேன்.

இது 1999-இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் என்னும் தொலைபேசிச் சர்வர் மென்பொருளுக்கானது. பழைய வழிகாட்டிகள் பெரும்பாலும் சிப்.கான்ஃப் என்ற கோப்பைப் பற்றிப் பேசும். அந்தக் கோப்பைப் படிக்கும் பழைய இயக்கி 21ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. 12ஆம் பதிப்பில் வந்த பிஜேசிப் என்ற இயக்கிதான் இன்று நடைமுறை, அதன் கோப்பு பிஜேசிப்.கான்ஃப். கட்டளைகளையும் அமைப்புச் சொற்களையும் ஒலிப்படி தமிழில் தருகிறேன். சர்வரில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். அமைப்புச் சொல் இரண்டு சொல்லாக வந்தால் நடுவே அடிக்கோடு இட வேண்டும்.

கோப்பைத் திறக்கும் முன், சரிபார்ப்பு எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். ராமேசுவரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக வேண்டுமானால் மீன்வளத்துறையிடம் அனுமதி டோக்கன் வாங்க வேண்டும். படகின் பதிவு எண் மாறாதது, டோக்கனோ அந்தப் பயணத்துக்கு மட்டும் உரியது, நேற்றைய டோக்கனைக் காட்டி இன்று போக முடியாது. இணைய அழைப்புகளை ஏற்படுத்தும் எஸ்ஐபி நெறிமுறையின் டைஜெஸ்ட் சரிபார்ப்பும் ஏறக்குறைய இப்படித்தான். தொலைபேசி முதலில் வெறும் பெயரை மட்டும் சொல்லி ரெஜிஸ்டர் செய்தியை அனுப்புகிறது. சர்வர் 401 என்ற பதிலோடு, ரெல்ம் என்னும் எல்லைப் பெயரையும் நான்ஸ் என்னும் ஒருமுறைச் சரத்தையும் திருப்பி அனுப்புகிறது. தொலைபேசி தன் பயனர்பெயர், ரெல்ம், கடவுச்சொல் மூன்றையும் சேர்த்து, மூலத்தைத் திரும்பப் பெற முடியாத சுருக்கச் சரமான ஒரு ஹேஷைக் கணக்கிட்டு, அதை அந்த நான்ஸோடும் கோரிக்கையின் விவரத்தோடும் சேர்த்து மீண்டும் ஹேஷ் செய்து அனுப்புகிறது. சர்வரும் தன் பக்கம் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, இரண்டும் ஒத்தால் உள்ளே விடுகிறது. கடவுச்சொல் கம்பியில் பயணிப்பதே இல்லை. ஆஸ்டெரிஸ்கில் ஒரு நான்ஸின் ஆயுள் இயல்பாக 32 வினாடி. ஆகவே பதிவேட்டில் முதலில் ஒரு 401 தெரிந்தால் பதற வேண்டாம், அது மறுப்பு அல்ல, டோக்கன் கொடுக்கும் வரிசை.

இனி பெயர்கள். நான் செய்த பெரிய தவறு, எக்ஸ்டென்ஷன் எண்ணையே பயனர்பெயராக வைத்தது. இணையத்தில் எஸ்ஐபி-க்குரிய வாயிலான 5060ஆம் போர்ட் திறந்திருக்கும் சர்வரைத் தேடி அலையும் ஸ்கேனர் நிரல்கள் 100, 101, 201, 1000 என்று எண்களைத்தான் முதலில் தட்டிப் பார்க்கின்றன. மனிதர்கள் அழைக்கும் எண் வேறு, கருவி தன்னை அறிவித்துக்கொள்ளும் பெயர் வேறு என்று பிரித்துவிட்டால் அந்தத் தட்டலில் பெரும்பகுதி வீணாகிவிடும். மண்டபத்து ஐஸ் கம்பெனியின் கல்லாவில் இருக்கும் கருவிக்கு எம்டிஎம்-க்யூ4டி9 என்பதைப் போல, இடத்தின் சுருக்கமும் பொருளற்ற நான்கு எழுத்துகளும் கொண்ட பெயர் வைத்தேன். 201-ஐ அழுத்தினால் அந்தக் கருவிக்கு மணி அடிக்க வேண்டும் என்பதை எக்ஸ்டென்ஷன்ஸ்.கான்ஃப் கோப்பில் ஒரு டயல் வரி பார்த்துக்கொள்ளும்.

ஒவ்வொரு கருவிக்கும் பிஜேசிப்.கான்ஃப் கோப்பில் மூன்று பிரிவுகள் வேண்டும். ஏஓஆர் பிரிவு, கருவி எந்த முகவரியில் இருக்கிறது என்பதைப் பதிந்து வைக்கும் இடம். அதன் பெயர், கருவி பதிவுசெய்யும் பயனர்பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அதில் மேக்ஸ் கான்டாக்ட்ஸ் 1 என்றும், ரிமூவ் எக்ஸிஸ்டிங் யெஸ் என்றும் வைத்தால், மின்வெட்டுக்குப் பிறகு கருவி புதிய முகவரியோடு வரும்போது பழைய பதிவு தானாக விலகி வழி விடும். ஆத் பிரிவில் டைப் ஆத், ஆத் டைப் யூசர்பாஸ், பிறகு யூசர்நேம், பாஸ்வேர்ட் ஆகியவை வரும். கருவியையே குறிக்கும் மூன்றாவதான எண்ட்பாயின்ட் பிரிவில் ஆத், ஏஓஆர்ஸ் என்ற இரு வரிகள் மேற்சொன்ன இரண்டையும் பெயர் சொல்லி இணைக்கும். இந்த ஆத் வரியை மட்டும் மறந்துவிட்டால் ஆஸ்டெரிஸ்க் எந்தப் பிழையும் காட்டாது. அந்தப் பெயரைச் சொல்லும் எவரையும் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்டுவிடும். கோப்பைச் சேமித்ததும் ஆஸ்டெரிஸ்க் கன்சோலில் பிஜேசிப் ரீலோட், பிறகு பிஜேசிப் ஷோ எண்ட்பாயின்ட்ஸ் என்று கொடுத்து, ஒவ்வொரு எண்ட்பாயின்ட்டின் கீழும் இன்ஆத் என்ற வரி இருக்கிறதா என்று கண்ணால் எண்ணிப் பார்க்க வேண்டும். பதினொரு கருவிக்குப் பதினொரு வரி.

கடவுச்சொல்லை மனிதர் யோசித்து வைக்கக் கூடாது. படகின் பெயர், குலசாமியின் பெயர், கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் எல்லாமே ஊகத்துக்கு எட்டுபவை. ஓப்பன்எஸ்எஸ்எல் ரேண்ட் கட்டளையை ஹெக்ஸ் 12 என்ற விருப்பத்தோடு இயக்கினால் 24 எழுத்துகள் கொண்ட சரம் கிடைக்கும், அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எண்களும் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் மட்டுமே அதில் இருப்பதால் எந்தத் தொலைபேசியின் அமைப்புப் பக்கத்திலும் சிக்கலின்றி ஏறும். கைப்பட எழுதிய கடவுச்சொல்லில் அரைப்புள்ளி வந்துவிட்டால், ஆஸ்டெரிஸ்க் அதற்குப் பின்னுள்ள எழுத்துகளைக் குறிப்புரை என்று எண்ணித் தள்ளிவிடும். யாரும் அந்தக் கடவுச்சொல்லை ஒருபோதும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, கருவியில் ஒருமுறை ஏற்றினால் போதும்.

கோப்பில் கடவுச்சொல் வெளிப்படையாகக் கிடக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள், பாஸ்வேர்ட் வரிக்குப் பதிலாக எம்டி5 கிரெட் என்ற வரியில் ஹேஷை எழுதலாம். அப்போது ஆத் டைப் எம்டி5 ஆகும். பயனர்பெயர், ரெல்ம், கடவுச்சொல் மூன்றையும் முக்காற்புள்ளியால் பிரித்து, எக்கோ கட்டளை வழியாக எம்டி5சம் கட்டளைக்கு அனுப்ப வேண்டும். ரெல்மின் இயல்பான பெயர் ஆஸ்டெரிஸ்க் என்பதே. எக்கோவுக்குக் குறுங்கோடும் ஆங்கில 'என்' (n) எழுத்தும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் வரிமுறிவு ஒன்றும் ஹேஷில் கலந்து, எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும், ஆனால் ஒரு கருவியும் பதிவாகாது. முதல் முறை எனக்கு இதில் ஒரு பிற்பகல் முழுவதும் போயிற்று. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த ஹேஷைக் கைப்பற்றியவர் கடவுச்சொல் தெரியாமலே அந்தச் சர்வரில் பதிவுசெய்ய முடியும். எனவே ஹேஷ் எழுதினாலும் எழுதாவிட்டாலும், கோப்பின் உரிமை ஆஸ்டெரிஸ்க் பயனரிடம் இருக்க, அனுமதியை 640 (உரிமையாளர் எழுதலாம், குழு படிக்கலாம், மற்றவருக்கு எதுவும் இல்லை) என்று சுருக்கிவைப்பது கட்டாயம்.

சரிபார்ப்பு என்பது இன்னார் என்று தெரிந்துகொள்வது மட்டுமே. தெரிந்த பிறகு அவரை என்ன செய்ய விடுகிறோம் என்பதை எந்த எண்களை அழைக்கலாம் என்ற விதித் தொகுதியைச் சுட்டும், எண்ட்பாயின்ட்டின் கான்டெக்ஸ்ட் வரி தீர்மானிக்கிறது, அந்த இரவில் பணம் போனதற்குக் கடவுச்சொல்லைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. எடைக் கொட்டகையில் இருக்கும் கருவிக்கு வெளிநாட்டு அழைப்பு எதற்கு? இப்போது கருவிகளைக் கான்டெக்ஸ்ட் வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். கொட்டகைக்கும் ஐஸ் கம்பெனிக்கும் உள் எண்களும் உள்நாட்டு எண்களும் மட்டும். அலுவலகத்தின் நான்கு கருவிகளுக்கும் முதலாளியின் கைபேசிக்கும் அதுவே. வளைகுடா வாடிக்கையாளர்களோடு பேச வேண்டிய ஏற்றுமதிக் கணக்கர் மேசைக்கு மட்டும் 00-வில் தொடங்கும் எண்கள், அதுவும் ஆதென்டிகேட் என்ற டயல்பிளான் (அழைப்பு விதிகள்) செயலி கேட்கும் ரகசியப் பின் (PIN) எண்ணை அழுத்திய பிறகே. ட்ரங்க் வழங்குநரிடம் எழுத்து மூலமாகக் கேட்டு, தினச் செலவுக்கு ஓர் உச்சவரம்பும் போட்டுக்கொள்ள வேண்டும்.

ட்ரங்கைப் பற்றிச் சுருக்கமாக. பொதுத் தொலைபேசி வலையமைப்போடு இணைவது உரிமம் பெற்ற வழங்குநரின் ட்ரங்க் வழியாக மட்டுமே நடக்க வேண்டும். அந்த எண்ட்பாயின்ட்டில் ஆத் வரி வைத்தால் உள்வரும் அழைப்புகள் நின்றுவிடும், ஏனெனில் வழங்குநரின் சர்வர் நம் 401-க்குப் பதில் சொல்லாது. நம்மை அவர்களிடம் நிரூபிக்க அவுட்பவுண்ட் ஆத், அவர்களை நாம் அறிய ஐடென்டிஃபை பிரிவில் மேட்ச் என்று அவர்கள் கொடுத்த ஐபி முகவரிகள், இரண்டும் தனித்தனி. ட்ரங்கின் கான்டெக்ஸ்டில் வெளியே அழைக்கும் வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அலுவலகத்துக்குள் இருக்கும் கருவிகளுக்கு எண்ட்பாயின்ட்டிலேயே டெனி, பெர்மிட் வரிகளால் உள் வலையமைப்பின் முகவரிகளை மட்டும் அனுமதிக்கலாம். கடவுச்சொல் கசிந்தாலும் வெளியிலிருந்து அது செல்லாது. மொபைல் டேட்டாவில் அலையும் முதலாளியின் கைபேசிக்கு அது ஒத்துவராது. அதற்கு 5061ஆம் போர்ட்டில், இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் வேண்டும். டைஜெஸ்ட் முறையில் கடவுச்சொல் பயணிக்காவிட்டாலும், சரிபார்ப்பு உரையாடலைப் பிடித்து வைத்தவர் அதை வீட்டில் உட்கார்ந்து ஊகித்துப் பார்க்க முடியும், டிஎல்எஸ் அந்த வழியை அடைக்கிறது. டிரான்ஸ்போர்ட் பிரிவில் சான்றிதழ்க் கோப்பையும் தனிச்சாவிக் கோப்பையும் காட்டி, மெத்தட் டிஎல்எஸ்வி1_2 என்று வைத்து, எண்ட்பாயின்ட்டில் மீடியா என்கிரிப்ஷன் எஸ்டெஸ் என்று எழுதினால் பேச்சும் மறைகுறியாகும். இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். அதைப் புதுப்பித்த பிறகு ஆஸ்டெரிஸ்கை மறுதொடக்கம் செய்துவிடுவதே உறுதியானது.

அடுத்து, தவறான முயற்சிகளை எண்ணி அவை வரும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் நிரல். லாகர்.கான்ஃப் கோப்பில் செக்யூரிட்டி பதிவுகளை இயக்கி, ஃபெயில்2பேனின் ஆஸ்டெரிஸ்க் சிறைப் பிரிவு பார்க்கும் கோப்பும் அதுவேதானா என்று ஒப்பிட வேண்டும். 10 நிமிடத்தில் 5 தவறு, ஒரு மணி நேரத் தடை என்பது எங்களுக்குச் சரியாக இருக்கிறது. ஒருமுறை மண்டபத்தில் மூன்று கருவிகளும் ஒரே நேரத்தில் ஊமையாயின. மூன்றும் ஒரே ரவுட்டருக்குப் பின்னால், ஒரே பொது ஐபியில் இருந்தன. அவற்றில் ஒன்றில் மட்டும் பழைய கடவுச்சொல் மாறாமல் இருந்து, அது விடாமல் தட்டிக்கொண்டிருந்ததால் மூன்றுக்கும் சேர்த்துத் தடை விழுந்திருந்தது. கிளையின் நிலையான ஐபியை இக்னோர்ஐபி வரியில் சேர்ப்பதே இதற்குத் தீர்வு. மொபைல் நிறுவனங்களின் ஐபியைப் பலர் பகிர்வதால், அவற்றை அப்படிச் சேர்க்கக் கூடாது. இந்தப் பதிவேடுகளை அழிக்காமல் வைத்திருப்பதும் முக்கியம். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் பதிவேடுகளை 180 நாள் பேண வேண்டும் என்றும், குறிப்பிட்ட வகைப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

கருவி பதிவாகவில்லை என்று அழைப்பு வந்தால், கடவுச்சொல்லைச் சந்தேகிக்கும் முன் பிஜேசிப் செட் லாகர் ஆன் என்று கொடுத்துப் பார்க்க வேண்டும். ரெஜிஸ்டர் செய்தியே வரவில்லை என்றால் கோளாறு கம்பியில். எடைக் கொட்டகையில் ஆர்ஜே45 முனையைக் கழற்றிப் பார்த்தேன்: எட்டுப் பித்தளை நிறக் கோடுகளில் இரண்டு பச்சை பூத்து, ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. உப்புக் காற்றில் அங்கே முனையை அவ்வப்போது மாற்றியே ஆக வேண்டும். செய்தி வந்து, 401 திரும்பத் திரும்பப் போனால் கடவுச்சொல் அல்லது ரெல்ம் பொருந்தவில்லை. 404 என்றால் ஏஓஆரின் பெயர் ஒத்துவரவில்லை. ரிமூவ் எக்ஸிஸ்டிங் யெஸ் வைக்காத ஏஓஆரில் 403 வந்தால், இன்னொரு கருவி அதே பெயரில் மேக்ஸ் கான்டாக்ட்ஸ் வரம்பை நிரப்பி நிற்கிறது, அது யாருடையது என்று பிஜேசிப் ஷோ கான்டாக்ட்ஸ் காட்டும். தெரியாத ஐபியாக இருந்தால் அந்தக் கணமே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

ஒரு கருவிக்கு ஒரு பெயர், ஒரு கடவுச்சொல் என்று வைத்திருப்பதால், வேலையை விட்டுப் போகிறவரின் கருவியை மட்டும் மூன்று பிரிவுகளோடு நீக்கிவிடலாம், மற்றவர்களைத் தொட வேண்டியதில்லை. தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாளான ஏப்ரல் 14 மாலையில் கொட்டகையின் இரண்டு எண்ட்பாயின்ட்டுகளையும் குறிப்புரையாக்கி ரீலோட் செய்துவிடுகிறேன். ஜூன் நடுவில் புதிய கடவுச்சொல்லோடு அவற்றைத் திறந்து, மொபைல் டேட்டாவிலிருந்து வேண்டுமென்றே தவறான கடவுச்சொல் கொடுத்து ஆறு முறை முயல்கிறேன். ஐந்தாவது தவறுக்குப் பிறகு சர்வர் பதில் சொல்வதை நிறுத்த வேண்டும். பிறகு கொட்டகைக் கருவியிலிருந்து 00 அழுத்துகிறேன், அது மறுக்க வேண்டும். அதே கருவியில் 201 அழுத்தினால் மண்டபத்தில் மணி அடிக்க வேண்டும். மூன்றும் நடந்த பிறகே சாவியை முதலாளியிடம் கொடுக்கிறேன்.