நாஸ்ல போட்டோ சிங்க் பண்றப்ப செய்யக்கூடாத தப்புங்க

கொஞ்ச நாளைக்குள்ள மூணு பேருக்கு வீட்ல நாஸ் (வீட்டு நெட்வொர்க்ல சொருகி வெக்கற ஸ்டோரேஜ் பெட்டி) செட் பண்ணிக் குடுத்தேன். மூணு பேரும் போட்டோ எடுக்கறவங்க, லேப்டாப் நிறைஞ்சு வழியுதுன்னு பெட்டி வாங்கினவங்க. நான் ஆரம்பத்துல பண்ண அதே தப்பை மூணு பேருமே வரிசையா பண்ணப் போனாங்க, ஒருத்தர் பண்ணியே முடிச்சுட்டாரு. அதனாலதான் இதை எழுதறேன். பாஸ்வேர்ட் மறந்துட்டேன், பெட்டியை ஆன் பண்ணல, கேபிள் சொருகல மாதிரி விஷயமெல்லாம் இங்க இருக்காது, அதெல்லாம் உடனே தெரியும், உடனே சரியாகும். நடந்ததே தெரியாம வாரக்கணக்குல ஓடற தப்புங்க மட்டும்தான் சொல்றேன்.

முதல் காப்பியை வைஃபைல போடறது

24 மெகாபிக்சல் கேமராவோட ரா ஃபைல் (ஜேபெக்கா மாத்தாத மூலப் படம்) ஒண்ணு சுமாரா 25ல இருந்து 30 எம்பி வரும், 45 மெகாபிக்சல்னா 50ஐத் தாண்டும். ஒரு 300 ஜிபி சேர்ந்திருக்குன்னு வைங்க. கிகாபிட் கேபிள்ல செகண்டுக்கு 110 எம்பி வரைக்கும் போகும், முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிரும். வைஃபைல ராத்திரி பூரா ஓடும், நடுவுல லேப்டாப் தூங்கிரும், காலைல எது போச்சு எது போகலன்னு தெரியாம உக்காந்திருப்பீங்க.

கேபிள் போட்டும் மெதுவா போகுதுன்னா கேபிளையே சந்தேகப்படுங்க. கிகாபிட்டுக்கு உள்ள இருக்கற நாலு ஜோடி கம்பியும் வேணும், 100 மெகாபிட்டுக்கு ரெண்டு ஜோடி போதும். மத்த ரெண்டு ஜோடியில ஒண்ணு அறுந்திருந்தா லைன் சத்தமில்லாம 100க்கு இறங்கிடும், லைட் எப்பவும் போல மினுக்கும், செகண்டுக்கு 11 எம்பிதான் போகும். அதே 300 ஜிபிக்கு ஏழரை மணி நேரம். நெட்வொர்க் செட்டிங்ஸ்ல லிங்க் ஸ்பீடு 1000னு காட்டுதான்னு ஒரு தடவை பாத்துட்டு ஆரம்பிங்க.

"நாஸ்லதான் இருக்கே"ன்னு லேப்டாப்ல அழிக்கறது

இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன், இன்னைக்கு நினைச்சாலும் எனக்கு வயிறு எரியுது.

என்னோட லேப்டாப்ல 512 ஜிபி எஸ்எஸ்டி. போட்டோ ஃபோல்டர் முழுசையும் நாஸோட சிங்க்ல போட்டிருந்தேன், தினம் ராத்திரி ஓடும், பச்சை டிக் வரும், எனக்கு ரொம்ப நிம்மதி. ஒரு நாள் டிஸ்க் ஃபுல்லுன்னு எச்சரிக்கை வந்துச்சு. பழைய ஃபோல்டரெல்லாம்தான் நாஸ்ல பத்திரமா இருக்கேன்னு, என் அக்கா பொண்ணு பொறந்ததுல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் எடுத்த மொத்தத்தையும், 168 ஜிபி, லேப்டாப்ல அழிச்சேன், இடம் வேணும்னு ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணேன். அன்னைக்கு ராத்திரி சிங்க் ஓடுச்சு, லேப்டாப்ல இந்த ஃபோல்டர் இல்ல, அப்ப நாஸ்லயும் இருக்கக்கூடாதுன்னு அங்கயும் அழிச்சுட்டு காலைல பச்சை டிக் காட்டுச்சு.

மூணு வாரம் கழிச்சு அக்கா போன் பண்ணி, பாப்பாவோட மொட்டை மாடி படம் ஒண்ணு பெருசா பிரிண்ட் போடணும், ஒரிஜினல் அனுப்புடான்னு கேட்டப்பதான் நாஸைத் திறந்து பாத்தேன். ஃபோல்டரே இல்ல.

அதுக்கப்புறம் ஒவ்வொரு கதவா தட்டினேன், எல்லாமே மூடியிருந்துச்சு. லேப்டாப் எஸ்எஸ்டில ரெகவரி சாஃப்ட்வேர் போட்டேன், ஒண்ணும் வரல, ஏன்னா ஃபைலை அழிச்சதும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ட்ரிம்னு ஒரு கட்டளையை எஸ்எஸ்டிக்கு அனுப்பும், அந்த இடத்தை எஸ்எஸ்டியே உள்ளுக்குள்ள துடைச்சிரும், பழைய ஹார்ட் டிஸ்க்ல தோண்டி எடுக்கற மாதிரி இதுல எடுக்க முடியாது. நாஸ்ல ரெண்டு டிஸ்க் மிரர் பண்ணி, அதாவது ஒண்ணுல எழுதறது இன்னொண்ணுலயும் அப்படியே விழற மாதிரி வெச்சிருந்தேன், ரெண்டுலயும் ஒரே நேரத்துல அழிஞ்சிருந்துச்சு, மேல மூணு வாரம் புது ஃபைல் வேற எழுதியாச்சு. நாஸோட ரீசைக்கிள் பின் ஆன்லதான் இருந்துச்சு, ஆனா ஷேர்டு ஃபோல்டர் வழியா அழிச்சாதான் அதுல விழும், சிங்க் ஆப் வேற வழியா நேரா உள்ள போய் அழிக்குது, அதனால அது காலி. ஸ்னாப்ஷாட் (ஃபோல்டர் ஒரு நேரத்துல எப்படி இருந்துச்சுன்னு நாஸ் பதிஞ்சு வெக்கறது) இருந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல திரும்ப வந்திருக்கும், ஆனா பெட்டி வாங்கின அன்னைக்கு டிஸ்க் ஃபார்மட் கேட்டப்ப யோசிக்காம இஎக்ஸ்டி4 குடுத்துட்டேன், பிடிஆர்எஃப்எஸ் குடுத்திருந்தா அந்தப் பெட்டியில ஸ்னாப்ஷாட் வசதி கிடைச்சிருக்கும்.

கடைசில மிஞ்சினது வாட்ஸ்அப்ல அனுப்பி சுருங்கிப்போன சின்னச் சின்ன ஜேபெக் மட்டும். பிரிண்ட் போட முடியல. அக்கா ஒண்ணும் சொல்லல, பரவால்லடான்னு சொன்னா, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

இதுல என் கோபம் எங்கன்னா, "சிங்க்"கும் "பேக்கப்"பும் ஒரே மெனுவுல பக்கத்து பக்கத்துல இருக்கு, புதுசா வர்றவங்க ரெண்டும் ஒண்ணுன்னுதான் எடுத்துக்கறாங்க. சிங்க்குக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். நீங்க இடத்துக்காக அழிச்சீங்களா, வேண்டாம்னு அழிச்சீங்களான்னு அதுக்கு எப்படிப் புரியும்? அது கேக்கவும் கேக்காது. "நான் ஒன் வேதான் வெச்சிருக்கேன், லேப்டாப்ல இருந்து நாஸுக்கு மட்டும்தான் போகும், அதனால பயமில்ல"ன்னு இந்த மூணு பேர்ல ரெண்டு பேர் சொன்னாங்க. ஒன் வே மிரரும் அழிக்கும். கட்டளை அடிச்சு காப்பி பண்ற ஆர்சிங்க்ல டெலிட் ஃப்ளாக் போட்டாலும், விண்டோஸோட ரோபோகாப்பில மிர் போட்டாலும் அதேதான், லேப்டாப்ல இல்லாதது நாஸ்லயும் போயிடும். எந்தத் திசைங்கறதோட நிறுத்தாதீங்க, அழிப்பு அந்தப் பக்கம் போகுதா இல்லையான்னு பாருங்க.

இதுக்கு ஒரு தம்பியும் உண்டு. எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இருந்து நாஸுக்கு மிரர் போட்டு வெச்சிருப்பாங்க, ஒரு நாள் டிஸ்க் சொருகாம இருக்கும், லினக்ஸ்ல டிஸ்க் வந்து சேர்ற மவுன்ட் ஃபோல்டர் மட்டும் காலியா நிக்கும், ஸ்கெட்யூல் நேரத்துக்கு ஓடும், காலி ஃபோல்டரைப் பாத்து நாஸையும் காலி பண்ணிடும். சிங்க்திங்னு ஒரு சிங்க் ஆப் இந்த விஷயத்துல நல்லா யோசிச்சிருக்கு, ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளயும் ஒரு அடையாளம் வெச்சிருக்கும், அது கண்ணுல படலன்னா சிங்க்கையே நிறுத்திடும். சொந்தமா ஸ்கிரிப்ட் எழுதறவங்க நீங்களும் ஒரு சின்ன அடையாள ஃபைல் வெச்சு, அது இருந்தா மட்டும் ஓடுன்னு ஒரு வரி சேத்துருங்க.

இப்ப நான் எப்படி வெச்சிருக்கேன்னா, லேப்டாப்ல நடப்பு வேலைக்கு ஒரு ஃபோல்டர், அது மட்டும்தான் சிங்க்ல. நாஸ்ல ஆர்கைவ்னு தனி ஃபோல்டர், எந்த சிங்க்கும் அதைத் தொடாது. ஒரு ஷூட் முடிஞ்சதும் நாஸுக்குள்ளயே அதை ஆர்கைவுக்கு நகர்த்திடுவேன், ஃபைல் எல்லாம் அங்க வந்துருச்சான்னு எண்ணிப் பாத்த அப்புறம்தான் லேப்டாப்ல இருக்கற காப்பி போக விடுவேன். டெலிட் ஃப்ளாக் கட்டாயம் வேணும்னா முதல்ல டிரை ரன் (நிஜமா அழிக்காத ஒத்திகை) போட்டு எது எது அழியும்னு பட்டியல் பாருங்க, கூடவே மேக்ஸ் டெலிட்னு ஒரு எண் குடுங்க, அந்த எண்ணிக்கை வந்ததும் ஆர்சிங்க் அழிக்கறதை விட்டுரும். ஸ்னாப்ஷாட் தினம் ஒண்ணு, 30 நாள் வெச்சுக்கோங்க. போட்டோ எடுத்தா எடுத்ததுதான், அடிக்கடி மாறாது, அதனால ஸ்னாப்ஷாட் பெருசா இடம் சாப்பிடாது. பல சிங்க் ஆப்புல லேப்டாப்ல மட்டும் இடத்தைக் காலி பண்றதுக்குன்னு ரைட் கிளிக்ல தனி ஆப்ஷன் இருக்கு, இல்லன்னா செலக்டிவ் சிங்க்ல அந்த ஃபோல்டரோட டிக்கை எடுக்கலாம். டெலிட் கீயை மட்டும் தொடாதீங்க.

ரெய்டு இருக்கு, போதும்

போதாது. ரெய்டுங்கறது மேல சொன்ன மிரர் மாதிரி பல டிஸ்க்கைச் சேத்து வெக்கறது, டிஸ்க் செத்தா காப்பாத்தும், நீங்க அழிச்சா காப்பாத்தாது.

கேட்டலாக் திறந்திருக்கப்பவே சிங்க் ஓட விடறது

போட்டோ அடுக்கவும் திருத்தவும் பயன்படற லைட்ரூம் கிளாசிக்கோட கேட்டலாக் (படங்களோட பட்டியலும் நீங்க பண்ண திருத்தமும் இருக்கற ஃபைல்) உள்ளுக்குள்ள ஒரு எஸ்கியூலைட் டேட்டாபேஸ். ஆப் திறந்திருக்கப்ப அதுல ஓயாம எழுத்து நடந்துகிட்டே இருக்கும், பக்கத்துலயே தற்காலிக ஃபைலும் இருக்கும். சிங்க் ஒரு நிமிஷத்துல இதையும் அடுத்த நிமிஷத்துல அதையும் எடுத்தா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது, நாஸ்ல போய்ச் சேர்றது திறக்கவே திறக்காத காப்பியா இருக்கலாம். உங்களுக்கு அது தேவைப்படற அன்னைக்குத்தான் அது தெரியும். கேட்டலாக்கையே நாஸ்ல வெச்சு அங்கிருந்தே திறக்கலாமான்னா அதுவும் நடக்காது, நெட்வொர்க் டிரைவ்ல இருக்கற கேட்டலாக்கை லைட்ரூம் கிளாசிக் திறக்காது. கேட்டலாக் லேப்டாப்லயே இருக்கட்டும், மூடறப்ப பேக்கப் எடுக்கவான்னு கேக்குமே, அந்த பேக்கப் ஃபோல்டரை நாஸுக்கு அனுப்புங்க. பிரிவியூ ஃபோல்டரை விட்டுருங்க, ஆயிரக்கணக்கான பொடி ஃபைலு, அது மறுபடி தானா உருவாகும்.

ஒரே பேர்ல ரெண்டு படம்

கேமரா ஃபைல் பேர்ல நம்பருக்கு நாலு இலக்கம்தான், 9999 முடிஞ்சா திரும்ப 0001. ரெண்டு கேமரா வெச்சிருந்தா இன்னும் சீக்கிரமே மோதும். எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல கொட்டி, இருந்தா மேல எழுதுன்னு வெச்சிருந்தா பழைய படம் சத்தமில்லாம போயிடும். கார்டுல இருந்து இறக்கறப்பவே தேதியும் நேரமும் சேத்து பேர் மாத்துங்க. சிங்க் ஆன அப்புறம் மாத்தலாம்னு இருக்காதீங்க, பேர் மாறினது ஆர்சிங்க்குக்குத் தெரியாது, புது ஃபைல்னு நினைச்சு 300 ஜிபியையும் மறுபடி அனுப்பும்.

ஒண்ணுமே மாத்தல, ஆனா மறுபடி எல்லாம் போகுது

ஆர்சிங்க் சும்மா விட்டா ஃபைலோட சைஸையும் மாறின நேரத்தையும்தான் பாக்கும். ஆர்கைவ் மோட்ல போடாம வெறும் ரெகர்சிவ்னு மட்டும் போட்டீங்கன்னா நேரம் அந்தப் பக்கம் போகாது, ஒவ்வொரு தடவையும் எல்லாமே மாறியிருக்குன்னு நினைச்சு எல்லா ஃபைலையும் மறுபடி கையில எடுக்கும். இன்னொண்ணு, மெட்டாடேட்டாவை (படத்தைப் பத்தின குறிப்பு) ஃபைல்ல எழுதுன்னு லைட்ரூம்ல வெச்சிருந்தா, ரா ஃபைலுக்கு ஸ்டார் போட்டா பக்கத்துல சின்னதா இருக்கற எக்ஸ்எம்பி குறிப்பு ஃபைல்தான் மாறும், அடோபியோட ரா வகையான டிஎன்ஜியா மாத்தி வெச்சிருந்தா அது அந்த ஃபைலுக்குள்ளயே எழுதப்படும், அப்ப ஒரு ஸ்டாருக்காக மொத்த ஃபைலும் திரும்பக் கிளம்பும். ஆர்சிங்க் மாறின துண்டை மட்டும்தானே அனுப்பும்னு கேப்பீங்க. நாஸை மவுன்ட் பண்ணி லோக்கல் ஃபோல்டர் மாதிரி குடுத்தா அது முழு ஃபைலைத்தான் அனுப்பும், எஸ்எஸ்ஹெச் மாதிரி நெட்வொர்க் இணைப்பு வழியா நாஸ் பக்கமும் ஆர்சிங்க் ஓடினாதான் அந்தத் துண்டு வேலை நடக்கும்.

காப்பி ஆயிருக்கும்னு கார்டை ஃபார்மட் பண்றது

ரெண்டு இடத்துல திறந்து பாக்காம கார்டைத் தொடாதீங்க.

தமிழ்ல ஃபோல்டர் பேர்

வைக்கலாம், நானும் வைக்கறேன், ஆனா மேக்கும் லினக்ஸும் கலந்து பயன்படுத்தினா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. ஒ, ஓ, ஔ குறி வர்ற எழுத்தை யூனிகோடுல ரெண்டு விதமா எழுத முடியும். "கோ"வோட குறியை ஒரே குறியீடாவும் வைக்கலாம், முன்னாடி வர்ற ஏ குறி, பின்னாடி வர்ற கால்னு ரெண்டாப் பிரிச்சும் வைக்கலாம். கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். பழைய மேக் டிஸ்க் ஃபார்மட்டான ஹெச்எஃப்எஸ் பிளஸ் பிரிச்சுத்தான் எழுதும், லினக்ஸ் நாஸ் எது வந்தாலும் அப்படியே வெச்சுக்கும். அதனால "கோடை பயணம்"னு நாஸ்ல ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர் வந்து நிக்கும், பாதி படம் இதுல, பாதி அதுல. மிரர் வேற போட்டிருந்தா ஒண்ணை வேண்டாததுன்னு அழிக்கவும் செய்யும். மேக்ல இருந்து ஆர்சிங்க் ஓட்டறவங்க பேரோட எழுத்து முறையை மாத்தற ஐகான்வ் ஆப்ஷன்ல utf-8-mac,utf-8னு குடுங்க. மேக்ல வர்ற ஆர்சிங்க்ல அந்த ஆப்ஷன் இல்லன்னா புது வெர்ஷன் ஒண்ணைத் தனியா போட்டுக்கணும். ஏற்கனவே ரெண்டு ஃபோல்டர் ஆயிருந்தா எதையும் அழிக்காம, முதல்ல சிங்க்கை நிறுத்திட்டு, ரெண்டுல இருக்கறதையும் ஆங்கிலத்துல பேர் வெச்ச புது ஃபோல்டர் ஒண்ணுக்குள்ள நகர்த்திட்டு அப்புறம் ஓட்டுங்க.