பச்சை உணவு சாப்பிடும்போது குடலை சுத்தமா வச்சுக்கறது எப்படி

சமைக்காத உணவுக்கு மாறலாம்னு இருக்கேன், அதுக்கு முன்னாடி குடலை ஒருதடவை கழுவிடணுமா, எனிமா எடுக்கணுமா, எந்தப் பொடி வாங்கறதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. என் பதில் இதுதான்: பச்சையா சாப்பிட ஆரம்பிச்சு தண்ணியும் சரியா குடிச்சா அதுவே குடலை சுத்தம் பண்ணும், அதுக்கு மேல பேதிக்கும் சாப்பிட்டா உடம்புல இருக்கற நீரும் உப்பும்தான் வெளிய போகும், தலைசுத்தல் வரும், சோர்ந்து படுத்துடுவீங்க.

பல வருஷ அழுக்கு குடல் சுவர்ல ஒட்டிட்டு இருக்குன்னு சொல்லி குடல் சுத்தம் பண்ற கிட்டு விக்கறாங்க இல்லையா, அது உண்மை இல்லைங்க. பெருங்குடல் சுமாரா ஒன்றரை மீட்டர் நீளம், அதோட உள்சவ்வுல இருக்கற செல்லெல்லாம் நாலஞ்சு நாளுக்கு ஒருதடவை உதிர்ந்து புதுசா வளரும், அப்புறம் எங்க போய் வருஷக்கணக்கா ஒட்டிக்கும்? அந்த கிட்டு சாப்பிட்டதும் ரப்பர் மாதிரி நீளமா ஒண்ணு வருதேன்னு போட்டோ காட்டுவாங்க. கிட்டுலயே இசப்கோல்ங்கற நார்ப்பொடியும் பென்டோனைட் களிமண்ணும் இருக்கும், அது ரெண்டும் தண்ணில ஊறி கெட்டியாகி அப்படி வருது.

சரி, எப்படி ஆரம்பிக்கறது. ஒரே நாள்ல மூணு வேளையும் பச்சைக்கு மாறாதீங்க, இதுலதான் பாதிப் பேர் வயிறு உப்பி வலிச்சு விட்டுட்டு ஓடறாங்க. நார்ச்சத்து பெருங்குடலுக்குப் போனதும் அங்க இருக்கற பாக்டீரியா அதை நொதிக்க வைக்கும், அதுல கேஸ் வரும், திடீர்னு அளவு கூடினா அதுங்களுக்கும் பழக நாள் வேணும். அதனால முதல் வாரம் காலை வேளை மட்டும், ஒரு கொய்யா, ஒரு துண்டு பப்பாளி, கொஞ்சம் தேங்காய்ப்பத்தை, ராத்திரி ஊறவச்ச உலர்திராட்சை, இவ்வளவு போதும். ரெண்டாவது வாரம் மதிய சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் கேரட், வெள்ளரி, வெங்காயம் சேத்துக்கோங்க, சோறு தானா குறையும். வயிறு ஒத்துக்கிட்டா மூணாவது வாரம் ராத்திரியும் பழத்துக்கு மாத்தலாம், ஒத்துக்கலைன்னா அங்கயே நிறுத்திக்கோங்க, ஒரு அவசரமும் இல்லை. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடறவங்களுக்கு 30 கிராம் நார்ச்சத்து வரைக்கும் வேணும், 100 கிராம் கொய்யாவுல 5 கிராம் இருக்கு, கேரட்ல 3 கிராம் கிட்ட, அப்ப கணக்கு போட்டுப் பாருங்க, கடைப்பொடி எதுக்கு. ஜூஸ் குடிச்சா வடிகட்டாம குடிங்க, சக்கையைத் தூக்கி எறிஞ்சா வேலை செய்யற பொருளே போயிடுச்சு.

நார் கூடும்போது தண்ணியும் கூடணும், இல்லைன்னா மலம் இன்னும் இறுகிடும். நாள் முழுக்க பிரிச்சு ரெண்டு, ரெண்டரை லிட்டர். இசப்கோல் எடுக்கணும்னு தோணினா ஒரு டீஸ்பூனுக்கு ஒரு முழு டம்ளர் தண்ணி, கலக்கின உடனே குடிச்சிடணும், தண்ணி கம்மியா குடிச்சா தொண்டையிலயோ குடல்லயோ அடைச்சுக்கும். வேற மாத்திரை சாப்பிடறவங்க ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. காலையில ஏதாவது சாப்பிட்ட அரைமணிக்குள்ள குடல் தானா அசையும், அந்த நேரத்தை அடக்காம உக்காருங்க, வெஸ்டர்ன் டாய்லெட்னா காலுக்கு கீழ ஒரு சின்ன முக்காலி போட்டுக்கோங்க, பெரிய வித்தியாசம் தெரியும்.

நம்ம ஊர் வைத்தியத்துலயே பேதிக்கு சாப்பிடறது இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, சித்தர் தேரையரோட பிணியணுகா விதியில நாலு மாசத்துக்கு ஒருதடவைன்னுதான் இருக்கு, இப்ப ஞாயித்துக்கிழமை தோறும் விளக்கெண்ணெய் குடிக்கறவங்க அதை யோசிக்கணும். நிலாவரை (சென்னா) இலையும் அப்படித்தான், திருநெல்வேலி பக்கத்துலருந்து உலகம் முழுக்க போற நல்ல சரக்கு, மலச்சிக்கலுக்கு ராத்திரி குடிச்சா காலையில வேலை செய்யும், ஆனா டீ மாதிரி தினமும் மாசக்கணக்குல குடிச்சா பொட்டாசியம் குறையும். விளக்கெண்ணெயும் நிலாவரையும் கர்ப்பிணிகள் தானா எடுக்கவே கூடாது. காபி எனிமா வேண்டவே வேண்டாம், உப்பு அளவு குலைஞ்சு உயிர் போனது மருத்துவ இதழ்ல 1980லயே பதிவாயிருக்கு. லிட்டர் லிட்டரா உப்புத்தண்ணி குடிச்சு பேதியாக்கறது பிபி, இதயம், கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு ரொம்ப ஆபத்து. தண்ணி எனிமா தேவைப்பட்டா இயற்கை மருத்துவம் படிச்ச டாக்டர் முன்னாடி எடுங்க, வீட்ல யூடியூப் பாத்து வேண்டாம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், பச்சையா சாப்பிடறதுல உண்மையான ஆபத்து எங்க இருக்குன்னா கழுவறதுல இருக்கு. கீரை, கொத்தமல்லி, முட்டைக்கோஸ் எல்லாம் சாக்கடைத் தண்ணி பாயற இடத்துலயும் விளையுது, டைபாய்டு, அமீபா, நாடாப்புழு முட்டை எல்லாம் அது வழியா வரும், அந்த முட்டையிலருந்து வர்ற புழு மூளை வரைக்கும் போய் கட்டி வச்சு வலிப்பு வரவைக்கும். உப்புத்தண்ணில போட்டுட்டா எல்லாம் செத்துடும்னு நம்பாதீங்க, ஓடற தண்ணில ஒவ்வொரு இலையா தேய்ச்சுக் கழுவுங்க, தோல் சீவ முடிஞ்சதை சீவிடுங்க. முளைகட்டின பயறு சத்தானது, ஆனா முளை வர்ற அந்த சூடும் ஈரமும் கிருமிக்கும் பிடிச்ச இடம், 2011ல ஜெர்மனில முளைகட்டின வெந்தயத்துலருந்து பரவின ஈ.கோலையால 50க்கு மேல செத்தாங்க. அதனால குழந்தைங்க, வயசானவங்க, கர்ப்பிணிகளுக்கு ஆவில நல்லா வேகவச்சே குடுங்க.

சுரைக்காய் ஜூஸ் குடிக்கறவங்க இதை மறக்காதீங்க, வெட்டினதும் ஒரு சின்ன துண்டை நாக்குல வச்சுப் பாருங்க, கசந்தா துப்பிட்டு முழுக்காயையும் எறிஞ்சிடுங்க. 2010ல டெல்லில ஒரு விஞ்ஞானி கசப்பு சுரைக்காய் ஜூஸ் குடிச்சு இறந்தப்புறம்தான் அரசே குழு போட்டு விசாரிச்சது. வெள்ளரி கசந்தாலும் சாப்பிடாதீங்க. கேரளாவுல இரும்பன் புளியை (பிலிம்பின்னு சொல்ற புளிப்புக்காய்) கெட்டியா ஜூஸ் அடிச்சுக் குடிச்சு கிட்னி பாதிச்சவங்க இருக்காங்க. ராஜ்மா, மரவள்ளி ரெண்டும் பச்சையா வேண்டாம், வேகவச்சுதான் சாப்பிடணும்.

சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்க திடீர்னு பழம், ஜூஸ்னு மாறினா சர்க்கரை இறங்கவும் செய்யும் ஏறவும் செய்யும், டாக்டர்கிட்ட சொல்லிட்டு மாறுங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்கறவங்க கீரையை திடீர்னு கூட்டக்கூடாது. கிட்னி சரியில்லாதவங்களுக்கு இளநீர், பழம் ரெண்டுமே அளவு பாத்துதான். மலத்துல ரத்தம் வந்தா, கறுப்பா போனா, காரணமில்லாம எடை குறைஞ்சா, 45 வயசுக்கு மேல திடீர்னு மலம் போற பழக்கம் மாறினா, வீட்ல சுத்தம் பண்ணிட்டு உக்காராம குடல் டாக்டரைப் பாருங்க. வயிறு உப்பி காத்தே பிரியாம வாந்தியும் வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும்.

பால், முட்டையும் இல்லாம முழுக்க பச்சை உணவுலயே மாசக்கணக்குல இருக்கறவங்க வைட்டமின் பி12 மாத்திரையை விடாதீங்க, காய்கறி பழத்துல அது கிடைக்காது, குறைஞ்சா கால் மரத்துப்போகும், வருஷத்துக்கு ஒருதடவை ரத்தத்துல பாத்துக்கோங்க.