சென்ட்ரேலியாவுக்குப் போகிறவர்களுக்கு

பென்சில்வேனியாவில் இருக்கும் சென்ட்ரேலியாவுக்கு முதல் தடவை போனபோது ஊரைக் கடந்ததே எனக்குத் தெரியவில்லை. மவுண்ட் கார்மல் வந்த பிறகுதான் வண்டியைத் திருப்பினேன். நீங்கள் ஆஷ்லாந்திலிருந்து 61ஆம் எண் சாலையில் மேடேறி, 42ஆம் சாலை பிரியும் முக்கில் நிறுத்துங்கள். ஊர் நடுவே அதுதான்.

1962 மே மாதம் குப்பைமேட்டுக்கு வைத்த தீ, பழைய சுரங்கப் பள்ளம் வழியாக நிலக்கரிப் படுகைக்குத் தாவியது. இன்றும் அணையவில்லை. அப்போது ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 5 பேர். 1984இல் அரசு 4.2 கோடி டாலர் ஒதுக்கி, வீடுகளை வாங்கி இடித்துத் தள்ளியது.

அதனால் பாழ்வீடுகளைத் தேடி ஏமாறாதீர்கள். தரையைப் பாருங்கள். சாலையோரக் கல்வரிசை ஓரிடத்தில் தாழ்ந்து இறங்கும். யாரோ தினமும் காரை உள்ளே விட்ட இடம் அது. இப்போது பின்னால் புதர்தான்.

வந்தவர்கள் தார்மேல் படம் வரைந்து வைத்த, கைவிடப்பட்ட பழைய நெடுஞ்சாலையை இன்னமும் சிலர் சிபாரிசு செய்வார்கள். 2020 ஏப்ரலில் மண் கொட்டி மூடியாயிற்று, விட்டுவிடுங்கள்.

போக வேண்டிய நாள், பனி பெய்த மறுநாள். ஆட் ஃபெலோஸ் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய சரிவு முழுக்க வெள்ளை. நடுவே ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் கறுத்த ஈரமண், அதில் பச்சைப்பாசி. தீ அதற்குக் கீழேதான். புகை எல்லா நாளும் வராது.

சாலையிலிருந்தே பாருங்கள். தீயிலிருந்து கசியும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. 1981இல் பாட்டி வீட்டுக் கொல்லையில் 12 வயதுப் பையனின் காலடியில் நிலம் உள்வாங்கியது. மரவேரைப் பிடித்துத் தொங்கியவனை உறவுக்காரப் பையன்தான் இழுத்துத் தூக்கினான்.

மலைமேல் நீலக் கும்மட்டத்தோடு உக்ரேனியக் கத்தோலிக்கத் தேவாலயம் தெரியும். அடியில் கரி இல்லை, பாறைதான் என்று தெரிந்ததால் இடிக்காமல் விட்டார்கள்.

மிஞ்சிய வீடுகளில் ஆள் இருக்கிறார்கள். ஆயுள் முழுக்க இருக்கலாம் என்று 2013இல் ஒப்பந்தம். காலி வீடு என்று நினைத்து நான் கேமராவைத் தூக்க, சன்னல் திரை விலகியது. வெட்கமாகப் போய்விட்டது.

பெட்ரோல், கழிப்பறை, காபி எல்லாவற்றையும் ஆஷ்லாந்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பயனியர் டனல் சுரங்கத்துக்குள் குட்டி ரயிலில் கூட்டிப் போவார்கள். உள்ளே எப்போதும் 11 டிகிரிதான், ஆகஸ்ட்டிலும் ஸ்வெட்டர் வேண்டும். ஆனால் பனிக்காலத்தில் அது ஓடாது. அதற்கு இன்னொரு தடவை வர வேண்டியதுதான்.